பெட்டிக்குள் ஒரு துணி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே கவிதை பற்றியும் நாவல் பற்றியும் அறிஞர்கள் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு என் பங்குக்கு வாய்த்திருப்பது ஒரு பெட்டி. பனையோலைப் பெட்டி, பிரம்புக் கூடை, அவற்றுக்குள்ளே போடும் துணியுறை, அந்த உறையைத் தைக்கும் முறை, தைப்பவருக்குச் சேரவேண்டிய கூலி, இவ்வளவுதான் என் பொருள். களுபோவிலையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்துகொண்டு, நெடுங்காலம் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, உரிமையோடு பேசக்கூடிய விஷயம் இதுதான்.

ஆயினும் இலக்கியத் தொடருக்கு வந்துவிட்டபடியால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பெட்டியை இழைப்பார்கள். ஓலையை வார்வார்கள். இழைத்த கடகத்தின் வெளிப்புறத்தை நாரினால் பொத்துவார்கள். இழைத்தல், வார்தல், பொத்துதல் ஆகிய மூன்று சொற்களும் மூன்று வேறு வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் கை வேறு, பக்குவம் வேறு. பேச்சு வழக்கில் இவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. பொருள் வீட்டில் இருக்கும் மட்டும் சொல்லும் வீட்டில் இருக்கும். பொருள் போனால் சொல் அகராதிக்குள் போய்விடும்.

எங்கள் வீடுகளில் இருந்த ஓலைப் பொருட்களை எண்ணிப் பாருங்கள். நெல்லும் அரிசியும் அள்ளுவதற்குக் கடகம். புடைப்பதற்குச் சுளகு. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி. சந்தைக்குப் போக உமல். பனங்கட்டி ஊற்றக் குட்டான். பெரியவர்கள் வெற்றிலையும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிக்கொள்ளக் கொட்டைப்பெட்டி. கலியாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக மூடற்பெட்டி. சார்வோலை ஒன்றுக்கு, குருத்தோலை இன்னொன்றுக்கு. ஒரே மரத்தின் ஓலையில் சமையலறையின் பாதி அடங்கியிருந்தது.

இந்தப் பெட்டிகள் எவற்றுக்கும் ஊரிலே துணியுறை கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காற்றும் வெயிலும் காய்ந்த மண்ணும் ஓலைக்கு ஏற்றவை. பெட்டி அழுக்கானால் முற்றத்தில் கவிழ்த்து வைத்தால் போதும். பழசானால் அடுத்த வீட்டில் புதிதாக ஒன்று இழைத்துத் தருவார்கள்.

கொழும்புக்கு வந்த பிறகுதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மழை கொழும்பில் பெய்கிறது. இங்கே ஆண்டொன்றுக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் என்பது கணக்கு. அதோடு கடற்காற்று. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரைக்கு அண்மித்த வீடுகளில் இரும்புக் கட்டில் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். களுபோவிலை கடலிலிருந்து சற்று உள்ளே இருந்தாலும், வாடகைக்கு விடப்படும் அனெக்ஸ் அறைகளில் வெயில் எட்டிப் பார்ப்பது அரிது. அப்படிப்பட்ட அறையில் கட்டிலுக்குக் கீழே ஓலைப்பெட்டியை வைத்தால், ஒரு மழைக்காலத்துக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். பிறகு அந்த மணம். உடுப்பு வைத்தால் உடுப்பில் ஏறும், கடதாசி வைத்தால் கடதாசியில் ஏறும். அதன்பின் வீட்டிலுள்ள இளையவர்கள் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்ரிக் கூடை வாங்கி வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிளாஸ்ரிக்கைக் கழுவலாம், ஓலையைக் கழுவ முடியாது. ஓலைப்பெட்டி தோற்றுப்போவது இந்த ஒரே இடத்தில்தான்.

இந்த இடத்தைத்தான் துணியுறை அடைக்கிறது. கழுவமுடியாத பெட்டிக்குள்ளே கழுவக்கூடிய துணி ஒன்றைப் போட்டுவிட்டால், அழுக்கும் ஈரமும் துணியோடு நிற்கும். துணியை எடுத்துத் தோய்க்கலாம். அந்த நேரத்தில் வெறும் பெட்டியை வெயிலில் வைக்கலாம். இரண்டும் காய்ந்த பின் மறுபடி ஒன்றாகலாம். நான் சொல்லவந்த விஷயத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருந்தார். வலிகாமத்தைச் சேர்ந்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நடந்தவர். அடுத்த வருடம் வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அன்றிரவு அவர் தலையில் இருந்தது தாயார் பாவித்த கடகம். அதற்குள் கொஞ்ச அரிசி, பிள்ளைகளின் இரண்டு மாற்றுடுப்பு, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் அந்தக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ. பிள்ளையள் எறியச் சொல்லுதுகள்" என்றார்.

"ஏன் அக்கா எறிய வேணும்?"

"மணக்குதாம். அவையள் சொல்லுறதும் சரிதான். எனக்கே மணக்குது. ஆனா எறிய மனம் வரேல்லை."

வாங்கிப் பார்த்தேன். விளிம்பு கட்டுக் குலையாமல் இருந்தது. நாரில் ஓரிடம் மட்டும் அறுந்திருந்தது. உள்ளே அடிப்பாகமெல்லாம் பூஞ்சணம். எறிய வேண்டிய நிலையில் அது இல்லை. மூன்று நாள் காலை வெயிலில் வைத்தோம். உச்சி வெயிலில் வைக்கவில்லை, ஏனென்றால் மிஞ்சிய வெயிலில் ஓலை முறுகி உடையும். காய்ந்த பின் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பற்தூரிகையால் இழைகளுக்கிடையே தட்டி எடுத்தோம். பிறகு வினாகிரியில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, மறுபடியும் உலரவிட்டோம். ஒரு கிழமை காற்றோட்டமான இடத்தில் கிடந்தது. மணம் போயிற்று.

உள்ளுறைக்கு அவருடைய தாயாரின் பழைய நூற்சேலை ஒன்றைப் பாவிக்கலாமே என்று நான் சொன்னேன். அந்த அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "பழசுக்குள்ள பழசு வேண்டாம் ரீச்சர். நல்ல புதுத்துணி ஒண்டு போடுங்கோ. பேத்தி கையால எடுத்துப் பாவிக்க வேணும்" என்றார். நீலக் கட்டம் போட்ட துணி வாங்கித் தைத்தோம். அன்றிலிருந்து அந்தக் கடகத்தில் பேத்தியின் பள்ளிக்கூடச் சொக்ஸும் தலைமயிர் றிபனும் இருந்தன. கண்ணாடி அலுமாரியில் வைத்துக் கும்பிடும் பொருளாகாமல் அது தினமும் கைபடும் பொருளாகவே இருந்தது. அவருடைய விருப்பமும் அதுவாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

பெட்டிக்கு உள்ளே பூச்சோ உறையோ கொடுப்பது புதிய நாகரிகம் என்று எவரும் எண்ணவேண்டாம். மூங்கிற் கூடையின் கண்களை அடைக்கச் சாணம் மெழுகுவது பழைய வழக்கம். கடதாசியை ஊறவைத்து அரைத்த கூழோடு வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்து, சுளகுக்கும் கூடைக்கும் பூசுவது தமிழ்நாட்டு வீடுகளிலும் உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பாண் பேக்கரிகளில், பிசைந்த மாவைப் பொங்க வைக்கும் பிரம்புக் கூடைக்குள் லினன் துணி தைத்திருப்பார்கள். அந்தத் துணியில் மாத்தூள் தூவினால் பிசைந்த மா ஒட்டாது, கூடையின் இடுக்குகளுக்குள்ளும் போகாது. உலகெங்கும் கூடை பாவித்தவர்கள் எல்லோரும், கூடைக்கும் பொருளுக்கும் இடையில் ஏதோ ஒன்று தேவை என்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் சாணமும் கூழும் கூடையோடு ஒட்டிக்கொள்பவை. கொழும்பு ஈரத்துக்கு அவை சரிவரா. ஆகையால் எங்கள் உறைக்கு முதல் விதி, அது கழன்று வரவேண்டும். பசை போட்டு ஒட்டக்கூடாது. பெட்டியின் விளிம்போடு சேர்த்து ஊசியால் தைக்கவும் கூடாது. ஒட்டிய துணியின் பின்னால் ஈரம் தங்கும். துணி மேலே அழகாக இருக்க, ஓலை உள்ளே உக்கிப்போகும். தைத்தாலோ, துணியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓலை கிழியும். கடைகளில் சில வேளை விளிம்போடு தைத்த உறைகளைக் காண்கிறேன். வாங்கும் நாளில் அவை சிறப்பாகத்தான் இருக்கும்.

இனித் தைக்கும் முறைக்கு வருகிறேன். பென்சிலும் கடதாசியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பனையோலைப் பெட்டியைக் கவனித்தால் ஒரு விசேஷம் தெரியும். அதன் அடி சதுரம், வாய் வட்டம். நான்கு மூலைகளோடு தொடங்கி, மேலே போகப்போக மூலை மறைந்து வட்டமாகிவிடும். இதை இழைத்த பெண் கேத்திரகணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு உறை தைக்கப் போகிறவர் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆகவேண்டும். சதுரத்துக்கென்று வெட்டினால் வாய் இறுகும், வட்டத்துக்கென்று வெட்டினால் அடியில் துணி குவியும்.

மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது அடிப்பக்கத்தின் நீளம். இரண்டாவது பெட்டியின் உள்ளாழம். மூன்றாவது வாயின் சுற்றளவு. இந்தச் சுற்றளவை விளிம்பின் வெளிப்புறமாக எடுக்கவேண்டும். ஏனென்றால் துணி விளிம்புக்கு மேலால் வந்து வெளியே மடிந்து நிற்கப் போகிறது. உள்ளளவுக்குத் தைத்தால் அது விளிம்பைத் தாண்டாது.

உதாரணத்துக்கு ஒரு பெட்டி. அடி 20 சென்ரிமீற்றர் சதுரம். உள்ளாழம் 18. விளிம்பின் வெளிச்சுற்று 100. அடிச்சதுரத்தின் சுற்று நான்கு இருபது, அதாவது 80. வாய்க்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் 20. மூலைகள் நான்கு. ஆகவே ஒவ்வொரு மூலையிலும் 5 சென்ரிமீற்றர் துணியை உள்ளே பிடிக்கவேண்டும். தையற்காரர்கள் டார்ட் என்று சொல்கிறார்களே, அந்தக் கூம்பு மடிப்பு. அடியில் 5 சென்ரிமீற்றர் அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போக ஒடுங்கி, விளிம்பை அடையும்போது ஒன்றுமில்லாமல் முடியவேண்டும்.

சுவர்த்துணியை இரண்டு துண்டாக வெட்டுங்கள். வாய்ச்சுற்றில் பாதி 50, தையலுக்கு இரு பக்கமும் ஒன்றரை வீதம் மூன்று, ஆக ஒரு துண்டின் நீளம் 53. உயரத்துக்கு ஆழம் 18, வெளியே மடிந்து விழ 8, இலாஸ்டிக் போகும் மடிப்புக்கு இரண்டரை, அடித்தையலுக்கு ஒன்றரை, ஆக 30. அடித்துணி ஒன்று, பக்கத்துக்கு 23. மொத்தம் மூன்று துண்டுகள்தான்.

சுவர்த்துண்டின் கீழோரத்தில், தையலுக்கு விட்டதைக் கழித்துவிட்டு, 10 சென்ரிமீற்றர் விட்டு ஒரு டார்ட், பின் 20 விட்டு இன்னொரு டார்ட், மிச்சம் 10. கூட்டிப் பாருங்கள், 10, 5, 20, 5, 10, சரியாக ஐம்பது வரும். இரண்டு துண்டுகளுக்கும் டார்ட்களைத் தைத்த பின், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துப் பக்கத்தையல்களைப் போடுங்கள். இப்போது ஒரு குழாய் கிடைக்கும். அதன் கீழ்வாயில் அடித்துணியை, மூலைக்கு மூலை டார்ட் வரும்படி குண்டூசியால் பொருத்தித் தையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, பாதத்தை உயர்த்தி, துணியைத் திருப்பிக்கொண்டு தொடரவேண்டும். மேலோரத்தை உட்புறமாக மடித்துத் தைத்து, ஊக்கில் கோர்த்து இலாஸ்டிக்கைப் புகுத்தினால் வேலை முடிந்தது. விளிம்புச் சுற்று நூறு என்றால் இலாஸ்டிக் 85 அளவில் இருந்தால் இறுகப் பிடிக்கும்.

பெட்டிக்குள் போடும்போது தையல் பிசிறுகள் ஓலையைப் பார்க்க, நல்ல பக்கம் உங்களைப் பார்க்கவேண்டும். துணி விளிம்பைத் தாண்டி வெளியே மடியும்போது அந்த நல்ல பக்கமே வெளியிலும் தெரியும். புதிதாகத் தைப்பவர்கள் பலர் இதை நம்பாமல் ஒருதடவை போட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

பிடியுள்ள பிரம்புக் கூடையென்றால் ஒரு சிறு மாற்றம். பக்கத்தையலை விளிம்பளவோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலுள்ள பகுதி இருபுறமும் திறந்திருக்கும். பிடி அந்த இடைவெளிக்குள் வரும். இலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா கோர்த்துப் பிடியின் கீழ் முடிச்சிட்டுவிடலாம். கொழும்பு-கண்டி வீதியில் ரதாவடுன்னையிலும் வேவல்தெனியவிலும் வீதியோரக் கடைகளில் பிரம்புக் கூடைகள் தொங்குவதைப் பயணம் போனவர்கள் கண்டிருப்பீர்கள். வேவல் என்றால் சிங்களத்தில் பிரம்பு. ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைச் சிங்களப் பெண்மணி ஒருவர் அங்கிருந்து வாங்கிய கூடைக்கு என்னிடம்தான் உறை தைத்தார். அவருக்குத் தமிழ் அதிகம் வராது. எனக்குச் சிங்களம் அரைகுறை. அளவுநாடா ஒன்று இருந்தபடியால் பேச்சுக் குறைவு தெரியவில்லை.

துணியைப் பற்றிச் சில வார்த்தைகள். பருத்திதான் சிறந்தது. ஆனால் பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். நூறு சென்ரிமீற்றர் வாய்க்குத் தைத்த உறை தொண்ணூற்றைந்தாகிவிட்டால் பிறகு விளிம்பில் ஏறாது. ஆகவே வெட்டுவதற்கு முன் துணியைத் தோய்த்து, காயவைத்து, அழுத்திவிட வேண்டும். சாயம் போட்ட ஓலைப் பெட்டிக்கு வெள்ளைத்துணி கூடாது. ஈரம் பட்டால் ஓலைச்சாயம் துணியில் இறங்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைக்கும் கூடைக்கு உறையே வேண்டாம். அவற்றுக்குக் காற்றுத் தேவை. உறை போட்டால் முளைக்கும், அழுகும். தோய்த்த உறை முற்றாகக் காயாமல் பெட்டிக்குள் திரும்பக்கூடாது. ஆகையால் ஒரு பெட்டிக்கு இரண்டு உறைகளாகத் தைத்து வைப்பது புத்தி.

துணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்து, கிராமங்களிலும் தையல் ஆலைகள் எழுந்தன. ஆலைகளில் வெட்டியதுபோக எஞ்சும் துண்டுகள் நிறைக்கு விற்கப்படுகின்றன. ஒரு சட்டைக்குக் காணாத துண்டு ஒரு பெட்டிக்குக் காணும். சுவர்த்துணியை இரண்டாக வெட்டச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள் மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்துப் பாருங்கள். வடக்கின் ஓலையும் கிழக்கின் தறியும் ஒரே பெட்டியில் சேரும்.

தையல் மெஷினும் எங்களுக்குப் புதியதன்று. எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசாக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். 1877இலேயே சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்துவிட்டது. சீதனப் பொருட்களோடு மெஷினும் போன குடும்பங்கள் எத்தனை! இடம்பெயர்ந்து வந்த பெண்களில் பலர் நகையை விற்றும் மெஷின் வாங்கினார்கள். களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், வெளிநாட்டுக்குப் போன பிள்ளையின் கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்தில், வாடகை அறையின் ஒரு மூலையில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கூலியைப் பற்றிப் பேசவேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து உறை தைக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுக்க முன்வந்தார். துணி அவருடையது. ஓர் உறைக்கு அவர் சொன்ன தையற்கூலி ஓர் இறாத்தல் பாண் வாங்கக்கூட மட்டுமட்டான காசு. "உள்ளுக்குப் போடுற துணிதானே அம்மா, ஆர் பார்க்கப் போகினம்?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உறை உள்ளே இருக்கிறபடியால் அதற்கு வேலை குறைவு என்று உண்மையாகவே நினைத்தார்.

நான் கடிகாரத்தை மேசையில் வைத்து, அவர் அனுப்பிய ஆளின் முன்னாலேயே ஓர் உறை தைத்துக் காட்டினேன். வெட்டுவதற்குப் பத்து நிமிடம். நான்கு டார்ட்களுக்கு எட்டு. பக்கத்தையல்களுக்கு ஆறு. அடியைப் பொருத்தித் தைக்கப் பன்னிரண்டு. மேல்மடிப்புக்கும் இலாஸ்டிக்குக்கும் பத்து. நூல் நறுக்கி அழுத்தி மடிக்க ஒன்பது. எல்லாமாக ஐம்பத்தைந்து நிமிடம். இது பழகிய கையின் கணக்கு. இடையில் சோறு வடிக்க எழும்பும் பெண்ணுக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போகும் பெண்ணுக்கு, ஒரு நாளில் ஐந்து உறைகள் முடிந்தாலே பெரிது. ஐந்து உறைக்கு ஐந்து இறாத்தல் பாண். வாடகைக்கு எங்கே போவது? மருந்துக்கு எங்கே போவது?

அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினோம். நூல், ஊசி, மின்சாரம், மெஷின் தேய்மானம் எல்லாம் எழுதினோம். அவர் கூலியை உயர்த்தினார், ஆனால் நாங்கள் கேட்ட அளவுக்கு அல்ல. இரண்டு பெண்கள் அந்த விலைக்கு இணங்கினார்கள். வீட்டில் அவசரம் இருந்தது. மற்றவர்கள் விலகி, தெரிந்த வீடுகளுக்கு நேரடியாகத் தைத்துக் கொடுத்தார்கள். இணங்கியவர்களை மற்றவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் நான் பெருமைப்படும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

நேரடியாகத் தைக்கத் தொடங்கியபோதுதான், ஓர் உறைக்கு எத்தனை விதமான தேவை இருக்கிறதென்று எங்களுக்கே தெரிந்தது. களுபோவிலையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பகல் வேளையில் நோயாளரைப் பார்க்க வரும் சனத்தின் கையில் சாப்பாட்டுக் கூடை இருக்கும். கறி சிந்தும், சுடுநீர்ப் போத்தல் கசியும். அந்தக் கூடைகளுக்குத் தினமும் தோய்க்கக்கூடிய உறை கேட்டு வந்தார்கள். பிரசவத்துக்குப் போகும் பெண்கள், குழந்தையின் துணிகளை வைக்க மெல்லிய வெள்ளை உறை கேட்டார்கள். வெள்ளவத்தைக் கலியாண வீட்டுக்காரர்கள் மூடற்பெட்டிகளுக்குப் பட்டுக்கரை வைத்துக் கேட்டார்கள். தெஹிவளையையும் ஹெட்டியாவத்தையையும் இணைக்கும் 176ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் வந்தார். நற்கருணைப் பவனியில் பூத்தூவும் சிறுமிகளின் கூடைகளுக்கு வெள்ளைச் சற்றின் வேண்டுமென்றார். பூவின் ஈரத்தில் கூடை கறுக்காமல் இருக்க, சற்றினுக்குக் கீழே பருத்தி ஒன்றும் வைத்துத் தைத்தோம். சற்றின் கண்ணுக்கு, பருத்தி கூடைக்கு.

இவ்வளவையும் கேட்டபின், "கூடையும் உறையும் வாங்கும் காசுக்கு இரண்டு பிளாஸ்ரிக் கூடை வாங்கலாமே" என்று உங்களில் யாராவது நினைக்கலாம். வாங்கலாம்தான். ஆனால் பிளாஸ்ரிக் கூடை வெயிலில் வெடித்தால் அதைப் பொத்துவதற்கு ஆளில்லை, எறிவதற்கு இடமுமில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. அதன் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஓலைப் பொருட்கள் விற்பனைக்கு வந்தன. வடக்கிலே ஓலை வார்ந்து இழைக்கும் பெண்களில், குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் அநேகர். அவர்கள் இழைத்த பெட்டி கொழும்பு வீட்டில் ஒரு மழைக்காலத்தோடு பழுதானால், அந்த வீட்டுக்காரர் அடுத்த பெட்டியை வாங்கமாட்டார். பத்து வருடம் பாவித்தால், மகளின் கலியாணத்துக்கும் அதையே தேடி வாங்குவார். ஆகவே இங்கே தைக்கும் உறை, அங்கே இழைக்கும் கைக்கும் வேலை கொடுக்கிறது. அங்கே இழைத்த பெட்டி இங்கே மெஷினுக்கு வேலை கொடுக்கிறது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இழைத்தல், வார்தல், பொத்துதல் என்று மூன்று சொற்கள் சொல்லித் தொடங்கினேன். பெட்டிக்கு உள்ளே துணி போடுவதற்கு எங்கள் பேச்சு வழக்கில் தனிச்சொல் இன்னும் பிறக்கவில்லை. லைனிங் என்கிறோம், உள்ளுறை என்கிறோம். ஊரில் தேவைப்படாத வேலை ஆகையால் ஊரில் அதற்குச் சொல்லும் இல்லை. இது ஈரப்பட்டணத்தில் வந்து நாங்கள் கற்றுக்கொண்ட வேலை. தைக்கிறவர்கள் பெருகினால் அவர்கள் வாயில் ஒரு நல்ல சொல் தானாகவே பிறக்கும். மொழிக்குச் சொல் சேர்ப்பது எழுத்தாளர்கள் மட்டும் செய்யும் காரியமன்று.

நேயர்களே, உங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழேயோ அலுமாரிக்கு மேலேயோ ஒரு பழைய ஓலைப்பெட்டி இருக்குமானால், வருகிற வெயில் நாளில் அதை எடுத்து முற்றத்தில் வையுங்கள். முற்றம் இல்லாதவர்கள் பல்கனியில் வையுங்கள். அடியை அளவெடுங்கள், ஆழத்தை அளவெடுங்கள், விளிம்பை வெளிப்புறமாகச் சுற்றி அளவெடுங்கள். தைக்கத் தெரியாதவர்கள் அக்கம்பக்கத்தில் மெஷின் சத்தம் கேட்கும் வீட்டைத் தேடிப் போங்கள். கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.